பந்தியிலிருந்து எழுப்பியவன்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, சட்டம் போட்ட படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சாம்பல் நிற வானம், அதே நிறத்தில் தண்ணீர், நடுவில் இருநூறு முந்நூறு கொசு உள்ளான்கள் ஒரே வீச்சில் திரும்புகின்றன. பாதிக்கு வெள்ளை வயிறு தெரிகிறது, பாதிக்குப் பழுப்பு முதுகு. முறத்திலிருந்து அரிசியைத் தூக்கிப் புடைத்த மாதிரி இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் "எப்படி சார் புடிச்சீங்க?" என்று கேட்பார்கள். உள்ளூர்க் கண்காட்சி ஒன்றில் அதற்கு இரண்டாம் பரிசாகக் கிடைத்த குத்துவிளக்கு எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது.

எப்படிப் பிடித்தேன் என்று ஆறு வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் நெல்லிக்குப்பத்துக்காரன். முப்பத்து மூன்று வருஷம் நெய்வேலியில் சுரங்க வேலை, கன்வேயர் பெல்ட் பராமரிப்பு. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, ஓய்வு பெற்றதும் அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பினேன். வந்த பணத்தில் வீட்டைப் பழுது பார்த்தது போக, மனைவிக்குத் தெரிந்து ஒரு நிக்கான் கேமராவும், விலை தெரியாமல் ஒரு 150-600 சிக்மா லென்ஸும் வாங்கினேன். பெல்ட் ஓடும் சத்தத்திலேயே காது பழகிப்போனவனுக்குப் பறவை பார்ப்பது சரியான வைத்தியம் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டேன்.

அது தை மாதம். மப்பும் மந்தாரமுமான காலை. பாரி கம்பெனி ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்தது. கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கடலூர் போய், மஞ்சக்குப்பம் தாண்டி, தாழங்குடாவில் வண்டியை நிறுத்தினேன். தென்பெண்ணை கடலில் சேரும் இடம். ஆற்று வாயில் கடல் மணலைத் தள்ளித் திட்டுப் போட்டிருக்கும். உட்பக்கம் தண்ணீர் வற்றும்போது கறுப்புச் சேறு வெளியே வரும். அந்தச் சேறுதான் கரைப்பறவைகளின் சாப்பாட்டு இலை.

மூட்டமான நாள் படம் எடுக்க ஆகாது என்பது கல்யாண வீட்டுப் படக்காரர்களின் எண்ணம். கரைப்பறவைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வெயிலில் கொக்கின் முதுகு சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும், ஓர் இறகும் பிரிந்து தெரியாது. ஈரச் சேற்றில் பட்டுத் தெறிக்கும் வெயில் வேறு கண்ணைக் கூச வைக்கும். மேகம் மூடிய நாளில் வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் துணியாகிவிடுகிறது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. கொசு உள்ளானின் முதுகில் ஒவ்வொரு இறகிலும் பழுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய கரை இருக்கிறது, புடவைக்கு இருப்பது போல. அதை மப்பு நாளில்தான் பார்க்க முடியும். ஒரே சிக்கல், சாம்பல் வானத்தை வெளிச்சம் என்று நம்பி கேமரா பறவையைக் கறுப்பாக்கிவிடும். அதனால் ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டி வைத்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, பறவைகள் பறக்கவில்லை என்பதைத் தவிர.

அவை பறக்க வேண்டிய அவசியமே இல்லை. தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன, தையல் மிஷின் ஊசி மாதிரி. ஒரு மணி நேரம் நின்றேன். பறக்கும் கூட்டம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அப்போது நண்டு பிடிக்க வந்த ஒரு பையன், பத்து வயது இருக்கும், என் லென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனிடம் பத்து ரூபாய் கொடுத்தேன். "தம்பி, அந்தப் பக்கமா ஓடிப்போய் ஒரு கை தட்டு."

அவன் தட்டினான். முதல் தடவை கூட்டம் எனக்கு முதுகு காட்டிப் போனது. வட்டமடித்து வந்து மறுபடி உட்கார்ந்தது. இரண்டாம் தடவை ஃபோகஸ் தவறிவிட்டது. மூன்றாம் தடவை எடுத்ததுதான் சுவரில் இருக்கும் படம். பையனின் கைகள் படத்துக்கு வெளியே, இடது ஓரத்துக்குச் சற்று அப்பால் இருக்கின்றன. எனக்கு மட்டும் தெரியும்.

திரும்பி வரும்போது படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கூப்பிட்டார். கோபம் இல்லை, விசாரிக்கிற குரல்தான்.

"ஏன் சார், தின்னுக்கிட்டு இருந்ததுங்கள எழுப்பி வுட்டீங்க?"

"போட்டோவுக்குங்க ஐயா."

"முன்ன நாங்களும் கண்ணி வெச்சுப் புடிச்சிருக்கோம். உள்ளான் கறி ருசியா இருக்கும். அது வயித்துக்கு. நீங்க மூணு தபா எழுப்பி எத எடுத்தீங்க?"

கேமராவின் பின்திரையில் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

உயிர்களுக்கு இம்சை செய்யாதே என்று அவர் சொல்லியிருந்தால் காதில் வாங்கியிருக்கவே மாட்டேன். எத்தனையோ சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னது வேறு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டாய் என்றார். அது எங்கள் வீட்டில் கொலைக்கு அடுத்தபடியான குற்றம்.

சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சி. அப்பா கூடத்தில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வாசலில் கடன் கொடுத்தவர் வந்துவிட்டார். மூன்று தவணை பாக்கி. வாயில் என்னென்னவோ தயாராக வைத்துக்கொண்டு வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டார்; ஊறுகாயை நக்கி நக்கி. கடன்காரர் மேல்துண்டால் விசிறிக்கொண்டு காத்திருந்தார். அப்பா கை கழுவித் தண்ணீரைக் கொப்புளித்துத் துப்பிய சத்தம் கேட்ட அடுத்த நொடி தெருவே கூடும்படி கத்த ஆரம்பித்தார். எழுதாத சட்டம் இது: இலையில் உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது, எதிரியாக இருந்தாலும்.

அந்தச் சட்டத்தை நான் அதற்கு முன்பே பலமுறை மீறியிருக்கிறேன். சுரங்கத்தில் பெல்ட் கிழிந்தால் ஷிஃப்ட் ஆட்களை எழுப்ப வேண்டியது என் வேலை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருப்பார்கள். "ஒரு வாய் சாப்ட்டு வந்துர்றேன் சார்" என்று கெஞ்சுவார்கள். கிழிந்த பெல்ட் கிழிந்ததுதான், பத்து நிமிஷத்தில் மேலும் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் எழுப்பினேன். எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் அவசரம், என் அதிகாரம், அவ்வளவுதான். பெரியவர் கேட்டபோது எனக்குப் பறவை ஞாபகம் வரவில்லை. மூடி வைத்த ஒரு டிபன் பாக்ஸின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த எலுமிச்சைச் சாதம்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தபின் அந்தப் பறவையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதி. கொசு உள்ளானின் எடை, ஒரு ரூபாய் நாணயம் ஏழெட்டைச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. அது குஞ்சு பொரிக்கும் இடம் வடதுருவத்தை ஒட்டிய சைபீரியக் குளிர்வெளி. கோடை முடிந்ததும் தாயும் தகப்பனும் முதலில் கிளம்பிவிடுகின்றன. குஞ்சுகள் சில வாரங்கள் கழித்துத் தாங்களாகவே கிளம்புகின்றன. வழிகாட்ட பெரியவர்கள் யாரும் கூட இல்லை. இமயத்தையும் பாலைகளையும் கடந்து வந்து, தாழங்குடா போன்ற ஏதோ ஒரு சேற்றில் இறங்குகின்றன. பங்குனி சித்திரையில் திரும்ப வேண்டும். திரும்பும் தூரம் முழுவதற்கும் வழிச்செலவு, இங்கே தின்று உடம்பில் சேர்த்துக்கொள்ளும் கொழுப்புதான். நீண்ட பயணம் போகும் கரைப்பறவைகள் கிளம்பும் முன் தங்கள் எடையில் பாதியைக்கூட இப்படிக் கூட்டிக்கொள்ளும். சேறு வெளியே தெரிவது தண்ணீர் வற்றியிருக்கும் சில மணி நேரம் மட்டும். தண்ணீர் ஏறிவிட்டால் பந்தி முடிந்தது. அதனால்தான் பகல் இரவு பார்க்காமல் குத்துகின்றன. ஒவ்வொரு தடவை எழும்பிச் சுற்றி உட்காரும்போதும் இரண்டு நஷ்டம்: சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் செலவாகிறது, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் போகிறது.

"பறக்கிறதுதானே சார் பறவைக்கு வேலை, மூணு தடவை பறந்தா குறைஞ்சா போயிடும்?" என்று என் பழைய ஷிஃப்ட் நண்பர் கேட்டார். எனக்கும் அந்தச் சமாதானம் பிடித்திருந்தது. ஆனால் அதே சேற்றில் எனக்குப் பின்னால் நாய்கள் வரும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரும், டிரோன் விடும் பையன்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் மூன்று தடவைதான்.

இதற்கு நடுவில் வடலூர் வந்து நின்றுகொண்டது. நெய்வேலிக்காரனுக்கு வடலூர் பக்கத்து வீடு. தைப்பூசத்துக்குப் போகாத வருஷம் கிடையாது. ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவதைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஆனால் என்னை அதிகம் இழுத்தது ஞானசபை இல்லை, தருமசாலை. 1867 மே 23இல் வள்ளலார் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில். அன்று மூட்டிய அடுப்பு, 21 அடி நீளம், இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்காமல், ஊர் கேட்காமல், பசி என்று வந்தவருக்குச் சோறு. கடவுள் வழிபாடு என்றால் ஜீவகாருண்யம்தான் என்று சொன்ன அவர், காருண்யத்தை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு உபதேசத்தையும் தியானத்தையும் காட்டவில்லை, வயிற்றைக் காட்டினார். உயிருக்கு வரும் துன்பங்களில் பசிக்குத்தான் முதல் இடம் கொடுத்தார்.

இந்த வட்டாரத்துச் சமயக் கதைகள் எல்லாமே வயிற்றில்தான் தொடங்குகின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியார் சூலை நோயில் துடித்து, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்து அப்பராகிறார். வழியைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆதாரம் கேட்காதீர்கள், ஊர்ப்பற்று.

ஆக, கேள்வி இப்படி விழுந்தது. பசியை ஆற்றுவதுதான் கடவுள் வழிபாடு என்றால், சாப்பிடுகிற ஓர் உயிரைப் பசியோடு எழுப்பி அனுப்புவதற்கு என்ன பெயர்? நான் அந்தப் பறவையைத் தொடவில்லை. கல் எறியவில்லை. பார்த்தேன், பார்ப்பதற்காக எழுப்பினேன். வெறும் பார்வையில் பாவம் உண்டா?

வடலூரில் அருட்பா பாடும் ஒரு முதியவர் உண்டு, எண்பதைத் தாண்டியவர். தருமசாலை வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். கேட்க வந்ததை விட்டுவிட்டு, புத்திசாலித்தனமாக இன்னொன்றைக் கேட்டேன். "ஐயா, அந்தப் பறவை தின்கிறதே, அந்தப் புழுவும் நண்டுக்குஞ்சும் உயிர்தானே? நான் எழுப்பிவிட்டதால் சில புழு பிழைத்திருக்குமே?"

அவர் சிரித்தார். "புழுக் கணக்கை ஆண்டவர் பாத்துக்குவார் தம்பி. புழுவைக் காப்பாத்தவா நீ அங்க போன?"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சோறு வாங்கச் சொன்னார்.

சிபிச் சக்கரவர்த்தி கதையை எல்லோரும் புறாவுக்காகச் சொல்கிறோம். எனக்கு அதில் பருந்துதான் முக்கியம். அது ராஜாவைப் பார்த்து நியாயமான ஒன்றைக் கேட்கிறது: இதைக் காப்பாற்றுகிறாய் சரி, என் பசிக்கு என்ன வழி? சிபி பெரியவனாவது புறாவுக்கு இரங்கியதால் மட்டும் இல்லை, பருந்தின் பசியையும் பசியாக ஒப்புக்கொண்டதால். தாழங்குடாவிலும் பருந்து வரும். கூட்டம் அலறி எழும். அது எழுப்புவதற்கும் நான் எழுப்பியதற்கும் உள்ள வித்தியாசத்தை வலைக்காரப் பெரியவர் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார். அது வயித்துக்கு.

சமணர்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அந்தப் பாடலிப் பள்ளி அப்பருக்கு முன்பே பேர் பெற்றது. உலகத்தின் தீவுகள், கடல்கள், அடுக்குகளைப் பேசும் லோகவிபாகம் என்ற நூல் சக ஆண்டு 380இல், அதாவது பொது ஆண்டு 458இல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மன் காலத்தில் அங்கே எழுதி முடிக்கப்பட்டது. பாடலி என்பது திருப்பாதிரிப்புலியூர்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கெடிலக் கரையில் உட்கார்ந்து உலகம் முழுவதையும் அளந்து எழுதிய அந்த முனிவர் தலைக்கு மேலே, வருஷா வருஷம், அவர் கணக்கில் வராத ஒரு வடதேசத்திலிருந்து முக்கால் அவுன்ஸ் ஒரு அவுன்ஸ் உயிர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கும். பார்த்தும் இருப்பார். சமணத் துறவிக்கு நடையில்கூட ஒரு விரதம் உண்டு, ஈர்யா சமிதி என்று பெயர். நுகத்தடி நீளம் முன்னால் தரையைப் பார்த்து, எந்த உயிரும் காலில் படாதபடி அடி வைக்க வேண்டும். மயில்பீலியால் இடத்தைக் கூட்டிவிட்டு உட்கார வேண்டும். நான் அந்தச் சேற்றில் 600 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். காலடியில் என்ன இருந்தது என்று தெரியாது.

ஆனால் சமணர் வழியில் போனால் முடிவு ஒன்றுதான்: வீட்டிலேயே இரு, போகாதே. அது சுத்தமான பதில், எனக்கு உதவாத பதில். பார்க்காமல் இருப்பதும் காருண்யம் ஆகிவிடுமா? பெரும்பாலானவர்கள் பார்க்காமல்தானே இருக்கிறார்கள். கரைப்பறவை என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்தான் சேற்றைத் தூர்க்கிறார்கள், குப்பை கொட்டுகிறார்கள். மெல்லிய அலகுள்ள கோட்டான் இனம் ஒன்று சைபீரியாவிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வலசை போய்க்கொண்டிருந்தது. 1995 பிப்ரவரியில் மொராக்கோவின் மெர்ஜா செர்கா காயலில் அதைப் படம் எடுத்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதை மனிதர் பார்த்தது அதுவே கடைசி. முப்பது வருஷம் தேடிவிட்டு 2025 அக்டோபரில் இனம் அற்றுப்போனது என்று அறிவித்துவிட்டார்கள். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். சாதாரணமாக, பக்கவாட்டில், மேய்ந்துகொண்டு நிற்கிறது. அதை எடுத்தவரை நான் குற்றவாளி என்று சொல்வேனா? மாட்டேன். அந்தப் படம் இல்லாவிட்டால் ஒரு பெயர் மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கும்.

அதனால் பார்ப்பதா வேண்டாமா என்று கேட்பதை நிறுத்திக்கொண்டேன். எப்போது பார்க்கக் கூடாது என்று கேட்டுப் பார்த்தேன். இதற்கு எங்களிடம் பதில் எப்போதிருந்தோ இருக்கிறது. திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறேன். மணிக்கணக்காக வரிசையில் நின்று சந்நிதிக்கு முன்னால் வரும் நேரத்தில் திரை போட்டுவிடுவார்கள். தளிகை. எட்டிப் பார்த்தால் பட்டர் முறைப்பார். அலங்காரத்தைப் பார்க்கலாம், ஆரத்தியைப் பார்க்கலாம், பாதத்தையும் முகத்தையும் பார்க்கலாம். சாப்பிடும்போது மட்டும் சாமியைப் பார்க்கக் கூடாது. அம்மா எங்களுக்குச் சோறு ஊட்டும்போது வாசல் கதவைச் சாத்துவாளே, கண் படும் என்று, அதே கதவுதான். கண் படுவது மூடநம்பிக்கை என்று சங்கக் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். இந்த உள்ளான்கள் விஷயத்தில் கண் படுவது அப்பட்டமான உண்மை. என் கண் பட்டு அவற்றின் வயிறு குறைந்தது. கிராமில் நிறுத்துக் காட்டலாம்.

வடலூரில் திரையை விலக்கினால் தரிசனம். திருவந்திபுரத்தில் திரையைப் போட்டால் மரியாதை. இரண்டுக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தன.

திரையை என் பக்கம் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். மனைவியின் பழைய சேலை ஒன்று, காப்பிப்பொடி நிறச் சுங்குடி, பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம், இன்னொரு மப்பு நாளில், தண்ணீர் முழுக்க வற்றிப் பறவைகள் தூரத்தில் விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்தபோதே போய், மணலும் சேறும் சேரும் இடத்தில் குப்புறப் படுத்து சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே என் பக்கம் தள்ளி வரும். நாம் போக வேண்டியதில்லை. கடல் கொண்டு வந்து பரிமாறும். அதற்கு இரண்டு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அறுபத்து மூன்று வயதில் முட்டியும் இடுப்பும் அதை எப்படி எடுத்துக்கொண்டன என்பது தனிக் கட்டுரை.

முதலில் உப்புக்கொத்திகள் வந்தன. நாலடி ஓடும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஓடும், எதையோ மறந்துவிட்ட ஆள் மாதிரி. ஒரு பவளக்காலி என்னைச் சந்தேகமாகப் பார்த்துக் கத்திவிட்டு ஒதுங்கியது. பிறகு கொசு உள்ளான்கள். ஒன்று எட்டடி தூரத்தில், லென்ஸுக்கு ஃபோகஸ் கிடைக்காத அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வெறும் கண்ணால்தான் பார்க்க முடிந்தது. அலகு சேற்றில் இறங்கியது. நுனியால் தடவிப் பார்க்கிறது. ஒரு சிவப்பு நூல் வெளியே வந்தது. புழு. இழுக்க இழுக்க நீண்டது, சேற்றைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. பறவை பின்னால் சாய்ந்து, அறுந்துவிடாமல் நிதானமாக இழுத்தது. வெளியே வந்ததும் அப்படியே விழுங்கவில்லை. இரண்டடி நடந்து ஒரு சின்னக் குட்டையில் அலசிவிட்டுத் தின்றது. நிழல் இல்லாத வெளிச்சம். காலடியில்கூட ஒரு கறுப்புக் கோடு இல்லை. வள்ளலாரின் உடம்புக்கு நிழல் விழாது என்று எங்கள் பாட்டி சொல்வாள். மப்பு நாளில் யாருக்கும் விழுவதில்லை பாட்டி என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி நின்ற ஒன்றை எடுத்தேன். ஷட்டர் சத்தத்துக்கு எட்டடியில் இருந்தது தலையைத் தூக்கியது. அலகில் சேறு சொட்டியது. மூன்று எண்ணும் நேரம் அப்படியே நின்றது, பந்தியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் போல. நான் விரலை எடுத்துவிட்டேன். அது மறுபடி குனிந்தது. மறுபடி விரலை வைக்கத்தான் செய்தேன், மறைப்பானேன். ஆனால் அது நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும் நேரங்களில் மட்டும், ஒவ்வொன்றாக. தண்ணீர் முழங்கை வரை ஏறிய பிறகு அவையே எழுந்து மணல் திட்டுக்குப் போயின. அப்புறம்தான் நான் எழுந்தேன், எழ முடிந்தவரை.

வள்ளலாரைப் படம் பிடிக்க முயன்ற கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சென்னையிலிருந்து படக்காரரை அழைத்து வந்தார்களாம். எட்டு முறை எடுத்தாராம். எட்டிலும் உடுத்தியிருந்த வெள்ளை ஆடை மட்டும் விழுந்ததாம், உடம்பு விழவில்லை. பண்ருட்டிக் குயவர் ஒருவர் பக்தியோடு மண்ணில் அவர் உருவத்தைச் செய்து கொண்டுவந்தபோது, வள்ளலார் வாங்கிக் கீழே போட்டு உடைத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அந்தக் கதைகளை நான் நம்புகிறேனா என்று கேட்டால், கேமரா வைத்திருப்பவன் என்ற முறையில் முதல் கதையை நம்புவது கஷ்டம். ஆனால் அந்தப் படக்காரரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எட்டாவது தடவைக்குப் பிறகு கண்ணாடித் தகடுகளைக் கட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் திரும்பிப் போகும்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? தோற்றுவிட்டோம் என்றா?

வீட்டுக்கு வந்து சேற்றைக் கழுவிவிட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அறுபத்தொரு படம். பெரும்பாலும் சுமார். சுவரில் மாட்ட ஒன்றும் தேறாது. பறவை நிற்கிறது, பார்க்கிறது, அவ்வளவே. மனைவி காப்பியோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகத் தள்ளச் சொல்லிப் பார்த்தாள். நாற்பதாவது படமோ என்னவோ, காற்றில் முந்தானை வந்து லென்ஸை மூடியிருக்கிறது. படம் முழுக்க ஒரே காப்பிப்பொடி நிற மங்கல். அழிக்கப் போனேன். கையைப் பிடித்தாள்.

"இரு இரு. இது என் சேலை இல்ல?"

"ஆமா."

"உங்கம்மா தலை தீபாவளிக்கு எடுத்துக் குடுத்தது." கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "பறவை எங்க இதுல?"

"அந்தப் பக்கம் இருக்கு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

"சரி," என்றாள். "அத மூடி வெச்சிட்டு நீங்க வாங்க. சோறு ஆறுது."